பீப்பாயில் கை வைத்தது யார்?

அத்தியாயம் 14

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் பெர்த் சுரங்க வேலைக்கு வருகிறானா இல்லையா என்று என் மகன் தாம்யான் பதில் சொல்லியாக வேண்டும். அப்போது பெர்த்தில் பன்னிரண்டு மணி. அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடத் தர மாட்டோம், வரிசையில் இன்னும் நாலு எலெக்ட்ரீஷியன் நிற்கிறான் என்று அந்தச் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

போன ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் இந்த விஷயத்தை அவன் போட்டு உடைத்ததும், நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனதும் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எழுந்தவள் ஆறு நாளாக நிம்மதியாக உட்காரவில்லை. காலையில் ஒரு தடவை அழுதேன், சாயங்காலம் ஒரு தடவை சண்டை போட்டேன், நடுவில் வேலைக்குப் போய் முதியோர் இல்லத்தில் எண்பது பேருக்கு சூப் வைத்தேன். எல்லாவற்றுக்கும் தாம்யான் "பாக்கலாம்மா" என்றான். அவன் பெண்டாட்டி ஜசிந்தா ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதுமே ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

பெர்த் என்ன பக்கத்துத் தெருவா? நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நாலாயிரம் கிலோமீட்டர். "உங்க அம்மாவை சொந்த ஊர் பித்தோலாவுல விட்டுட்டு உலகத்தோட இந்த மூலைக்கு வந்தவதானே நீ?" என்று என் புருஷன் கிரோ குத்திக் காட்டினான். அது வேறு, இது வேறு. அதை எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு ஏறாது.

ஏன் போகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் நாத்தனார் மென்காதான் காரணம். கிரோவின் அக்கா. புருஷன் போனபிறகு பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். தனியாக என்றால் பெயருக்குத்தான். நடு வேலியை அறுத்து கிரோ ஒரு கதவு வைத்துக் கொடுத்தான், அந்தக் கதவைத் தட்டிவிட்டு வந்ததாக இருபது வருஷத்தில் ஒரு நாள் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்து வந்ததும் ஜசிந்தாவின் வயிற்றைப் பார்த்து, "என்ன, ஏதாவது உண்டா?" என்பாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை கரு தங்கி, இரண்டு தடவையும் மூன்று மாசம் தாண்டாமல் போய்விட்டது. அது தெரிந்தும் கேட்பாள். நான் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. மாமியார் என்றால் கொஞ்சம் நாகரிகம் வேண்டாமா?

இன்னொரு காரணம் கிரோ. பின்னால் இருந்த கராஜை இவர்களுக்கு வீடாக மாற்றித் தருகிறேன் என்று ஆரம்பித்தான். சுவர் வந்தது, ஜன்னல் வந்தது, பாத்ரூம் மட்டும் இரண்டு வருஷமாக வரவில்லை. ஓடு ஒட்ட வேண்டும், குழாய் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் என்பான். அந்த "அவ்வளவுதான்" முடிகிறவரைக்கும் இரண்டு பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பாத்ரூமுக்குத்தான் வருகிறார்கள்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் தாம்யான் உருக்காலைக்கு ஓவர்டைம் போயிருந்தான். இரண்டரைக்கு வருவான். இந்த நாட்டில் பிப்ரவரிதான் கோடை, வெயில் எட்டு மணிக்கே மண்டையைப் பிளந்தது. நான் மாடிக்குக் கீழே இருக்கிற சமையலறையில் இருந்தேன். மேலே இருக்கிற சமையலறை விருந்தாளிகள் பார்க்க, கீழே இருப்பது வேலை செய்ய. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கையில் வேலை இருந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். அப்போது வேலிக் கதவு கிறீச்சிட்டது.

"இன்னையோட மூணு வாரம் ஆச்சு," என்று சொல்லிக்கொண்டே மென்கா உள்ளே வந்தாள். "பீப்பாயைத் திறக்கலாம்."

"இன்னைக்கா அக்கா? வீடு இருக்கிற இருப்புல?"

"துர்ஷியாவுக்கு உன் மகன் வேலை தெரியுமா, பெர்த் தெரியுமா? மூணு வாரம்னா மூணு வாரம்."

துர்ஷியா என்கிற இந்த உப்புத் தண்ணீர் ஊறுகாய் இல்லாமல் எங்கள் வீட்டில் குளிர்காலம் வராது. கோடையில் மலிவாகக் கிடைக்கிற குடைமிளகாய், பழுக்காத தக்காளி, பிஞ்சு வெள்ளரி, கேரட் எல்லாவற்றையும் உப்புத் தண்ணீரில் அமுக்கி, மேலே பலகை வைத்து, பலகை மேல் கல் வைத்து, அடியில் குழாய் வைத்த நீலப் பீப்பாயில் புளிக்க விடுவோம். வெளியே மழை அடிக்கும்போது ஒரு மிளகாயைக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். உடையாவிட்டால் அந்த வருஷம் முழுக்க தெருவில் தலை நிமிர முடியாது.

இந்த வருஷம் நாற்பது கிலோ. வழக்கமாக மென்காவும் நானும்தான் அடுக்குவோம். பிப்ரவரி ஒன்றாம் தேதி, முதல் தடவையாக ஜசிந்தாவும் கை கழுவிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் அடுக்கட்டுமா?" என்றாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. மென்கா உதட்டைச் சுழித்தாள். நான், "அடுக்கட்டும் அக்கா, அவளும் இந்த வீட்டுப் பொண்ணுதானே," என்றேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

"கிரோ, வந்து கல்லை எடு," என்று மென்கா கூப்பிட்டாள்.

கிரோ வந்தான், கல்லை எடுத்தான், பலகையை எடுத்தான். புளிப்பு வாசனை குப்பென்று அடிக்க வேண்டும். அடித்தது வேறு. சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி ஒரு வாசனை.

மென்கா கையை விட்டு ஒரு மிளகாயை வெளியே எடுத்தாள். ஈரத் துணி மாதிரி தொங்கியது. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் துப்பினாள்.

"கூழு," என்றாள்.

இன்னொன்று. அதுவும் கூழ். தக்காளியைத் தொட்டதும் தோல் மட்டும் கையோடு வந்தது. பிஞ்சு வெள்ளரி விரலுக்கு நடுவில் வழிந்தது. நாற்பது கிலோ. விடிகாலையில் சந்தைக்குப் போய்ப் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்த நாற்பது கிலோ. இன்றைக்குப் பார்த்து இதுவும் நடக்க வேண்டுமா என்று எனக்கு அழுகை முட்டியது.

மென்கா அழுகிற ரகம் இல்லை. விசாரிக்கிற ரகம்.

"கிரோ, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கீழ்க் குழாயைத் திறந்து தண்ணியைப் பிடிச்சு மேல ஊத்தச் சொன்னேனே, ஊத்தினியா?"

"ஒரு நாள் விடல அக்கா."

"விட்டிருப்ப."

"சுவத்துல காலண்டரைப் பாரு. நீலப் பேனாவுல கோடு போட்டு வச்சிருக்கேன்."

போட்டுத்தான் வைத்திருந்தான். பாத்ரூம் ஓடு ஒட்டத் தெரியாதவனுக்கு இது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"உப்பு? அயோடின் போட்ட சமையல் உப்பைக் கொட்டிட்டியா நெவெனா?"

கல்லுப்புச் சாக்கை இழுத்து வந்து அவள் காலடியில் போட்டேன். "இந்தாங்க, நீங்களே படிங்க."

"அளவு குறைஞ்சிருக்கும்."

"அளவு பாத்தது நீங்க. உப்பைக் கரைச்சு, முட்டையைப் போட்டு, மிதக்குதுன்னு சொன்னது நீங்க."

"மிதந்துச்சே. ரெண்டு டாலர் காசு அளவுக்கு வெளியில தெரிஞ்சுது. அதுவும் கடை முட்டையா? என் கோழி முட்டை." அவள் மார்பைத் தட்டிக்கொண்டாள். "அப்ப உப்பு சரி. கோடு சரி. பீப்பாயைச் சோடா போட்டுக் கழுவினது நான், அதுவும் சரி. அப்ப கைதான்."

எனக்கு அப்போதே இவள் எங்கே போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"கிரோ, நீ மேல போ. இது பொம்பளைங்க விஷயம்."

கிரோவுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. போய்விட்டான்.

மென்கா குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு நீ விலக்கா இருந்தியா?"

"அக்கா, எனக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு."

"எனக்குப் பதினஞ்சு. அப்ப மிச்சம் யாரு?"

விலக்காக இருக்கிறவள் கை பட்டால் பீப்பாய் கெட்டுவிடும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களிடம் இருக்கிற நம்பிக்கை. நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். நம்பவில்லை. ஆனால் எனக்கு நிற்கிறவரைக்கும் அந்த நாளில் நான் பீப்பாய்ப் பக்கம் போனதும் இல்லை.

"இன்னைக்கு வேண்டாம் அக்கா. மூணு மணிக்கு அவன் பதில் சொல்லணும். இன்னைக்கு மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட வாயைக் கொடுக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நான் சொல்லி முடிக்கவில்லை, துவைத்த துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜசிந்தா வாசலில் வந்து நின்றாள். வாசனைக்கு மூக்கைச் சுளித்தாள். பீப்பாயை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"எல்லாமே போச்சா?"

"எல்லாமே," என்றாள் மென்கா, எங்கள் மொழி அரைகுறையாகவே வரும் ஜசிந்தாவுக்காகத் தன் ஓட்டை இங்கிலீஷில். "ஜசிந்தா, கோவிச்சுக்காத. ஒண்ணு கேக்கறேன். நாம அடுக்கின அன்னைக்கு நீ விலக்கா இருந்தியா?"

ஜசிந்தாவின் கழுத்து சிவந்தது. எனக்குத் தாங்கவில்லை. இவள் கேட்கிற கேள்விக்குத்தான் அவர்கள் ஊரை விட்டே ஓடுகிறார்கள், இன்றைக்கும் கேட்கிறாளே என்று கோபம் தலைக்கேறியது.

"அவளை ஏன் கேக்கறீங்க?" என்று நடுவில் புகுந்தேன். "அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவளுக்கு அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. இருபத்தாறாம் தேதி வந்தது, வியாழக்கிழமையோட சரி. நாம பீப்பாய் போட்டது சனிக்கிழமை."

சொல்லிவிட்டு மென்காவைப் பார்த்தேன், இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல.

மென்கா என்னைப் பார்க்கவில்லை. ஜசிந்தாவைப் பார்த்தாள். ஜசிந்தா கூடையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"என்னம்மா கேள்வி இது? ஒரே வீட்டுல இருக்கோம்."

"நான் சொன்னேனா?"

"இல்ல."

"தாம்யான் சொன்னானா?"

"சே, அவன் இதையெல்லாம் ஏன் என்கிட்ட..."

"அப்ப எப்படி?"

வெள்ளிக்கிழமை காலையில் குப்பை லாரி வரும். வியாழன் ராத்திரி பாத்ரூம் வாளியைக் காலி செய்வது நான்தான், நடுவில் நிறைந்தாலும் நான்தான். வேறு யார் செய்கிறார்கள் இந்த வீட்டில்? காலி செய்யும்போது கண்ணில் படும். பட்டால் மனசில் நிற்கும். நின்றால் நான் என்ன செய்ய? இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

"பாக்கணும்னு பாக்கறதில்லம்மா. வாளியைக் கொட்டும்போது கண்ணுல படுது."

"கண்ணுல பட்டதுக்கா காலண்டர்ல சிவப்புப் புள்ளி வைக்கறீங்க?"

மென்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுவரிடம் போனாள். நீலக் கோடு போட்ட பிப்ரவரித் தாளைத் திருப்பினாள், முந்தின தாளில் என் புள்ளி. ஜனவரி இருபத்தாறு. தாளைத் தூக்கி அதற்கு அடியில் சொருகியிருந்த பழைய காலண்டரையும் புரட்டினாள். டிசம்பர் இருபத்தெட்டு. நவம்பர் முப்பது. பின்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

"இந்தப் புள்ளியா?" என்றாள். "நான் கரன்ட் பில் கட்டுற நாள்னு நினைச்சேன்."

எனக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஒரு அம்மா தன் பேரப்பிள்ளைக்காகக் காத்திருப்பது தப்பா என்று கேட்க நினைத்தேன். நல்லவேளை கேட்கவில்லை.

ஜசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

"அந்த நவம்பர் புள்ளி சரி. அதுக்கப்புறம் இருக்கிற ரெண்டும் தப்பு. டிசம்பர்ல எனக்கு வரல. ஜனவரியிலயும் வரல."

"வாளியில நான் பாத்தேனே..."

"நீங்க பாப்பீங்கன்னு தெரிஞ்சுதான் போட்டேன். புது நாப்கினைக் காகிதத்துல சுத்திப் போட்டேன், அஞ்சு நாளும். பிரிச்சுப் பாக்க மாட்டீங்கன்னு மட்டும் நம்பினேன்."

"பிரிக்கல," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்த மட்டும் சந்தோஷம்."

மென்காதான் முதலில் கணக்குப் போட்டு முடித்தாள். மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டாள், கண் படக் கூடாது என்று மூன்று தடவை தூ தூ என்றாள். "எத்தனை வாரம்?"

"இன்னையோட பன்னிரண்டு. நேத்து டாக்டர்கிட்ட போனேன். தனியாத்தான். நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் கையை லேசாக உயர்த்தினாள், நான் நின்றுவிட்டேன்.

"தாம்யானுக்குத் தெரியுமா?"

"தெரியாது. போன தடவை வாங்கின தொட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனப்போ, கடை வாசல்ல கார்லயே உக்காந்து ஒரு மணி நேரம் அழுதான். நான் பாத்தது அவனுக்குத் தெரியாது. இந்தத் தடவை பன்னிரண்டு வாரம் தாண்டினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்த வேலை வந்துது. யாரும் நம்மளை எதுவும் கேக்காத ஊருக்குப் போயிடலாம்னு அவன் சொன்னான். எனக்காகத்தான் போறான்."

நான் மென்காவைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் என் புத்தி என்னை விட்டுப் போகவில்லை, பாருங்கள். "கேட்டுக்கிட்டீங்களா அக்கா? நான் அன்னைக்கே சொன்னேன். எல்லாம் உங்க வாயால வந்தது."

"பெரியத்தை இல்ல," என்றாள் ஜசிந்தா. "அவங்க மூஞ்சிக்கு நேரா கேப்பாங்க. நான் இல்லன்னு சொல்வேன். அதோட முடிஞ்சுது. நீங்க ஒண்ணுமே கேக்க மாட்டீங்க அத்தை. ஆனா மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை காலையில உங்க முகத்தைப் பாத்தாலே தெரியும். காப்பிக் கப்பை என் முன்னால வைக்கிற சத்தத்துலயே தெரியும். அந்த வெள்ளிக்கிழமையிலேருந்து தப்பிக்கத்தான் நான் பெர்த்துக்குச் சரின்னு சொன்னேன்."

மென்கா கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தாள். முதியோர் இல்லத்தில் எண்பது பேர் சொல்கிற குறையை ஒரே நாளில் கேட்டவள் நான், ஒன்றுகூட இப்படித் தைத்ததில்லை.

"எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்க," என்றாள் ஜசிந்தா. "மூணு மணிக்கு அவன் முடிவு பண்ணட்டும். இது எங்க ரெண்டு பேர் வாழ்க்கை. நீங்க போன்னும் சொல்லக் கூடாது, போகாதேன்னும் சொல்லக் கூடாது. குழந்தை விஷயம் அவன் காதுக்குப் போகவே கூடாது. ஒரே ஒரு தடவை, வாயைத் திறக்காம இருங்க."

"சரிம்மா," என்றேன்.

"பெரியத்தை நீங்களும்."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது," என்றாள் மென்கா. இதே மென்காதான் பக்கத்துத் தெரு விவாகரத்தை அந்தப் புருஷனுக்கே முதலில் சொன்னவள்.

அப்போது பார்த்துப் படியில் தடதடவென்று கிரோ இறங்கி வந்தான். கையில் ஒரு சின்னப் பாத்திரம்.

"அக்கா, பசிச்சுதுன்னு நீ குடுத்த கூடையிலேருந்து ஒரு முட்டை எடுத்து வேக வைக்கலாம்னு தண்ணியில போட்டேன். இங்க பாரு."

மூன்று பேரும் பார்த்தோம். வெறும் குழாய்த் தண்ணீரில், ஒரு சிட்டிகை உப்பு இல்லாமல், முட்டை ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது.

"இது எப்ப வச்ச முட்டை?" என்று கேட்டேன்.

மென்கா புடவைத் தலைப்பு இருந்தால் அதை இழுத்து முகத்தை மூடியிருப்பாள். ஏப்ரனைத்தான் பிசைந்தாள். "கோழி புது வருஷத்துலேருந்து வைக்கல. வெயில் தாங்கல, இறகெல்லாம் கொட்டுது."

"அப்ப பீப்பாய்க்குப் போட்டது?"

"டிசம்பர்ல சேத்து வச்சது. என் கோழி முட்டை வைக்கிறது இல்லன்னு தெருவுல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

புது முட்டை உப்பு போதுமான அளவு இருந்தால்தான் மிதக்கும், பழைய முட்டை எந்தத் தண்ணீரிலும் மிதக்கும். உப்பு பாதிகூட விழவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு பெண்ணை நிற்க வைத்து அவள் தேதியைக் கேட்டாளே இந்த மனுஷி. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். என் புள்ளிகள் சுவரிலிருந்து என்னையே பார்த்தன. மூடிக்கொண்டேன்.

பிறகு மென்கா செய்தது எனக்கு ஆச்சரியம். ஒரு வார்த்தை பேசாமல் வேலிக் கதவைத் திறந்துகொண்டு போனாள். திரும்பி வரும்போது அய்வார்த் துவையல் அரைக்க வாங்கி வைத்திருந்த குடைமிளகாயில் ஒரு பெட்டியைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். மேலே சமையலறைத் தராசு.

"இனிமே முட்டையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நிறுத்துப் போடலாம்," என்றாள். பிறகு ஜசிந்தாவிடம், "நீயே அடுக்கு. நான் தொட மாட்டேன். கை கெட்டுப் போனது என்னுதுதான்."

நான் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, பழையதையும் சேர்த்து நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். "என் கோடு அதுல இருக்கு," என்றான் கிரோ.

"உன் கோடா? பின்னால போய் அந்த பாத்ரூம் ஓடுகளை எடு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒட்டி முடிக்கல, நீ அக்கா வீட்டுக் கோழிக் கூண்டுலதான் படுக்கணும்."

"கூண்டுல இடம் இருக்கு," என்றாள் மென்கா. "ஒண்ணும்தான் வைக்கறது இல்லையே."

ஜசிந்தா சிரித்துவிட்டாள். ஒரு மாசமாக அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே, கூழைக் கொட்டிக் கழுவி வைத்த பீப்பாய்க்குள் முழங்கைவரை கையை விட்டு, மிளகாயைக் காம்பு கீழே இருக்கிற மாதிரி வட்டமாக அடுக்கினாள். எனக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வாளியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"இனிமே அந்த வாளியைக் கிரோ கொட்டுவான்மா. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்."

அவள் அடுக்குவதை நிறுத்தாமல், "சரி அத்தை," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது ரெடியாக மூணு வாரம் ஆகுமா?" என்று கேட்டாள்.

"ஆகும்."

"பெர்த்துல பீப்பாய் கிடைக்குமா?"

கிடைக்காது என்று சொல்ல நாக்கு துடித்தது. "தெரியலம்மா," என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு மேலே போட திராட்சை இலை பறிக்க மென்காவோடு வேலிக்கு அந்தப் பக்கம் போனாள்.

இரண்டு நாற்பதுக்குத் தாம்யான் வந்தான். வேலை உடுப்போடு, பூட்ஸ் கழற்றாமல், நேராகக் கீழ்ச் சமையலறைக்கு வந்தான். கையில் போன்.

"அம்மா, இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."

"ஆமா."

"ஜசிந்தா என் இஷ்டம்னு சொல்லிட்டா. ஒரு வாரமா அதையேதான் சொல்றா."

நான் உப்பை நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசில் இன்னொரு கை உப்பைப் போட்டேன்.

"நீ என்னம்மா சொல்ற?"

ஆறு நாளாக நான் சொல்லாத சொல் இல்லை. போகாதே என்ற ஒரு வார்த்தையை நூறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவனாக வந்து, என் முன்னால் நின்று, கேட்கிறான். ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூட விடுங்கள், அவள் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. என் பிள்ளை அந்த நிமிஷமே போனைத் தொட்டியில் போட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுவான்.

"உங்க ரெண்டு பேர் விஷயம்டா," என்றேன். "நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அவன் நம்பவில்லை. என் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தான். "உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"காலையிலேருந்து வேலையே ஓடலம்மா. நீ இன்னொரு தடவை போகாதேன்னு சொன்னா, சரி, அம்மா விட மாட்டேங்கறான்னு ஜசிந்தாகிட்ட சொல்லிட்டு இங்கேயே இருந்துடலாம்னு நினைச்சுக்கிட்டு வந்தேன்." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எனக்கே அந்தப் பாலைவனத்துக்குப் போக இஷ்டம் இல்ல."

கடவுளே. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும். தலையைக் குனிந்துகொண்டு உப்பையே பார்த்தேன்.

அவன் காத்திருந்தான். நிஜமாகவே காத்திருந்தான். பிறகு பெருமூச்சு விட்டான்.

"நீயே தடுக்கலன்னா, போறதுதான் சரின்னு உனக்கும் தோணிடுச்சு போல," என்றான். கட்டை விரலால் போனில் ஒரு தடவை அழுத்தினான். ஒரு சின்னச் சத்தம் வந்தது.

வேலிக் கதவு கிறீச்சிட்டது. கை நிறையத் திராட்சை இலையோடு ஜசிந்தா கிட்டத்தட்ட ஓடி வந்தாள். அவள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மென்கா.

"தாம்யான், கொஞ்சம் இரு. இன்னும் அனுப்பலையே? ஒரு வாரம் டைம் கேளு. நாம இங்கேயே இருக்கலாமான்னு... உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"அனுப்பிட்டேன் ஜசி," என்றான் அவன். "இப்பதான்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா அத்தை?"

"சொல்லக் கூடாதுன்னு நீதானேம்மா கேட்டே," என்றேன்.